சக்களத்தி மலை

தை 3, சனிக்கிழமை

இந்த டைரி கூட்டுறவு சங்கத்தில் ஓசியாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்து அடியிலும் உரத்தைப் பற்றி ஒரு வரி அச்சடித்திருக்கிறது. நான் என்ன எழுதினாலும் யூரியாவுக்கு மேலேதான் உட்கார்ந்தாக வேண்டும்.

மகன் பொன்சிங் அபுதாபியில் வேலை பார்க்கிறான். ஒரு மாசம் வந்து இருங்கள் என்று எனக்கும் அவன் அப்பாவுக்கும் டிக்கெட் போட்டுவிட்டான். மருமகள் சுபா போனில், "அத்தே, பாக்குறதையெல்லாம் எழுதி வைங்க. ஊருக்குப் போயி கதை சொல்லலாம்லா" என்றாள். கதை சொல்ல எனக்கு எழுத்து எதற்கு? ஆனாலும் ஆசையாகச் சொல்கிற பிள்ளை.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவள் நான். எங்கள் தேரி மணல்காட்டுப் பக்கம் மழையே கிடையாது, பிறகு எங்கே ஒதுங்க? அறிவொளி வகுப்பு நடத்தின காலத்தில்தான் எழுத்துக் கூட்டினேன். அதுவும் படிப்பு ஆசையில் இல்லை. வெளிநாட்டிலிருந்து வீட்டுக்காரர் எழுதுகிற கடிதத்தைத் தபால்காரர்தான் வாசித்துக் காட்டுவார். நடுநடுவே நிறுத்தி இருமுவார். சொல்லக் கூச்சப்படுகிற மாதிரி என்னமோ எழுதியிருக்கிறார், இவர் இருமி முழுங்கிவிடுகிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம். எழுத்துக் கூட்டப் படித்ததும் முதல் வேலையாகப் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பாவம் அந்த மனுஷனுக்கு நிஜமாகவே இருமல்.

என் வீட்டுக்காரர் அந்த நாட்டில் முப்பது வருஷம் தண்ணி லாரி ஓட்டினார். பாலைவனத்துக்குள் ஒவ்வொரு கேம்பாகப் போய்த் தண்ணீர் இறக்குகிற வேலை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. எல்லாம் போதும் என்று ஊரோடு வந்து மூன்று வருஷமாகிறது.

சாப்பிட்ட தட்டை அவரே கழுவிக் கவிழ்த்துவிடுவார். போர்வையை ஓரம் பிசகாமல் மடித்துத் தலைமாட்டில் வைப்பார். அடுத்த வீட்டு லிங்கக்கனிக்கு அதில் தாங்க முடியாத பொறாமை. "ஒனக்கென்னக்கா, நீ குடுத்து வச்சவ. எங்க வீட்டு ஆளு தின்ன தட்டுலயே கையக் கழுவிட்டு ஏப்பம் விட்டுட்டுப் போவுது" என்பாள். நானும் சிரித்து வைப்பேன். பீரோவில் ஒரு தட்டு காலி பண்ணிக் கொடுத்தேன், அவர் சட்டை ஒன்றுகூட அங்கே வரவில்லை. இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிற பெட்டிக்குள்தான் எடுப்பு, வைப்பு எல்லாம்.

நானும் ஒரு குறையும் வைப்பதில்லை. அவர் லீவில் வரும்போது எடுக்கிற பூப்போட்ட விரிப்பு, விருந்தாளிக்கு எடுக்கிற கரை வைத்த எவர்சில்வர் தட்டு, மூன்று வருஷமாக இவருக்கு அதுதான்.

பெட்டியில் வைத்தது உடன்குடிக் கருப்பட்டி, நெத்திலிக் கருவாடு, பனங்கிழங்கு, சுபாவுக்கு முருங்கைக்கீரைப் பொடி. கருவாட்டை நாலு உறை போட்டுச் சுற்றியும் அது தான் கருவாடு என்பதை மறைக்கவில்லை.

தை 5, திங்கள்

திருவனந்தபுரம் ஏர்போர்ட். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி, "கூட வர்றது யாரும்மா?" என்றார்.

"வீட்டுக்காரர்."

"பேரு?"

நான் அடுத்த வரிசையில் நின்ற அவரைக் கை காட்டினேன். கை காட்டினால் எப்படியம்மா, பேரைச் சொல்லுங்கள் என்றார்.

"எங்க குலசாமி பேரு."

"சரி, குலசாமி பேரு என்ன?"

அதையும் சொல்ல முடியாதே! எங்கள் ஊரை ஒட்டி மைல் கணக்கில் செக்கச்செவேலென்று மணல்மேடாகக் கிடக்கும். அதற்குப் பெயர் தேரி. அந்தத் தேரிக்குள் இருக்கிற அய்யனார்தான் எங்கள் குலசாமி. அய்யனாருக்கு முன்னால் வருகிற பெயரைத்தான் என் மாமியார் தன் பிள்ளைக்கு வைத்துவிட்டாள். புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அதனால் கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து சாமி பெயரும் என் வாயில் வரக்கூடாது. கோவிலில் போய் நின்று, 'அய்யனாரே' என்று மொட்டையாகத்தான் கூப்பிடுகிறேன். சாமியும் இத்தனை வருஷமாகக் கோபிக்காமல் கேட்டுக்கொள்கிறது.

கடைசியில் அவரே இந்தப் பக்கம் தலையை நீட்டித் தன் பெயரைச் சொன்னார். அதிகாரி சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

விமானத்தில் காது அடைத்தது. அவர் ஜன்னலோரம் எனக்குக் கொடுத்துவிட்டுத் தூங்கிவிட்டார். மூன்று வருஷத்தில் அப்படி அசந்து தூங்கி நான் பார்க்கவில்லை.

தை 7, புதன்

பொன்சிங் வீடு பதினாலாவது மாடி. கீழே பார்த்தால் மனுஷர்கள் எறும்பு மாதிரி போகிறார்கள். சுபாவும் வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் வந்து, "அத்தே, எனக்கும் ஒரு வாய்" என்று தட்டை நீட்டுவாள்.

நான் எழுத வந்தது அதில்லை. அவரைத்தான். இங்கே வந்ததும் ஆள் மாறிவிட்டார். நடையே வேறு. கீழே டீக்கடை மலையாளியிடம் மலையாளம், பால் கொண்டுவருகிற பெங்காலியிடம் இந்தி, காவலாளியிடம் அரபி. எல்லோரிடமும் தோளில் தட்டிப் பேச்சு. டீக்கடைக்காரர் என்னமோ சொன்னதற்குக் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். எனக்குத் தெரிந்து என் வீட்டில் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

சந்தோஷமாகத்தான் இருந்தது பார்க்க.

தை 8, வியாழன்

துணி துவைக்கிற மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து முழுசும் பார்த்தேன். நன்றாகத் துவைக்கிறது.

தை 10, சனி

மொகுதூம் காக்கா ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். காயல்பட்டினத்துக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். இவரும் அவரும் ஒரே கேம்பில் ஒரே அறையில் பல வருஷம் கிடந்தவர்கள். காக்கா இப்போதும் அதே கம்பெனியில்தான், பெரிய மேற்பார்வை வேலை. "தங்கச்சி கைக் கருவாட்டுக் குழம்பு மணத்துக்கு லிஃப்டுல ரெண்டு மாடி கூடுதலாப் போயிட்டேன்" என்றார்.

நான் அடுப்படியில் இருந்தேன். அவர்கள் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை, வீடே அவ்வளவுதான்.

"தம்பி, லாரி ஓட்ட வேண்டாம். கேம்புக்கு ஒரு பொறுப்பான ஆளு வேணும். சாப்பாடு, தண்ணி, பையமாரு சண்டை, இதப் பாத்துக்கிட்டா போதும். தனி ரூமு. நீ சரின்னா விசாவ மாத்திரலாம். ஊருக்குப் போவவே வேண்டாம், இப்படியே நின்னுரலாம்."

இவர் டம்ளரை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"யோசிச்சுச் சொல்லுதேன் காக்கா."

"அடுத்த ஞாயித்துக்கெழமை வாரேன். நல்ல பதிலாச் சொல்லு."

சாப்பிடும்போது ரசம் உப்புக் கரித்தது. ரெண்டு தடவை போட்டுவிட்டேன் போலிருக்கிறது. இந்த ஊர் உப்பு ரொம்பப் பொடி.

காக்கா போனபிறகு அவர் தன் தட்டையும் காக்கா தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. 

தை 11, ஞாயிறு

காலையில் பொன்சிங்கிடம், "அந்த மணல்மலையைப் பாக்கணும்" என்றேன்.

"எந்த மணல்மலைம்மா?"

"அப்பா லாரியை நிப்பாட்டிச் சோறு திம்பாகள்ளா. அந்த மலை."

அந்தக் காலத்தில் போனில் பேசும்போது, எங்க இருக்கிய என்று கேட்டால் பாதி நாள் "மலைக்குக் கீழ இருக்கேன்" என்பார். லிவா என்கிற பக்கம். அதற்கு அரபியில் பயமுறுத்துகிற மலை என்று பெயராம். மேலே ஏறிப் பார்த்தியளா என்று ஒரு தடவை கேட்டதற்கு, "வேலையத்தவன் ஏறுவான்" என்றார். அன்றிலிருந்து நான் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தேன். லிங்கக்கனி, 'அத்தான் எங்கக்கா இருக்காவ' என்று கேட்டால், "சக்களத்தி மடியில" என்பேன். அவள் முதல் தடவை பயந்தேவிட்டாள்.

அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். "அங்க என்னட்டி இருக்கு, வெறும் மண்ணு. நம்ம ஊர்ல இல்லாத மண்ணா?"

"நீங்க இருந்த மண்ணுல்லா. ஏறிப் பாக்கணும்."

"ஒனக்கு மூட்டுவலி."

"எனக்குத்தான வலிக்கப் போவுது."

பொன்சிங் வருகிற சனிக்கிழமை கூட்டிப் போவதாகச் சொன்னான். சனி போனால் ஞாயிறு காக்கா வந்துவிடுவார். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

தை 14, புதன்

சுபா தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது கேட்டாள். "நம்ம சாமிக்கு இங்க ஒரு சின்ன இடம் வைக்க முடியாதா அத்தே? வெள்ளிக்கிழமை விளக்குப் போடலாம்."

முடியும், அதற்குப் பிடிமண் எடுத்து வரணும் என்றேன். அவளுக்கு அது தெரியவில்லை. ஊரை விட்டுப் போகிறவர்கள் குலசாமி கோவிலில் ஒரு பிடி மண் எடுத்துப் போவார்கள். சாமியைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எங்ககூட வா என்று கேட்டு ஒரு பிடி அள்ள வேண்டும். அள்ளியபிறகு எல்லை தாண்டும்வரை பேசக் கூடாது, திரும்பியும் பார்க்கக் கூடாது. போய்ச் சேருகிற வரைக்கும் தரையில் வைக்கக் கூடாது. அங்கே போய்ப் போட்டால் சாமி வந்துவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் சின்ன மாமா பம்பாய்க்குப் போகும்போது அப்படித்தான் எடுத்துப் போனார். எல்லை எது என்பதில் அவருக்குக் குழப்பம். ஊர் எல்லையா, ஜில்லா எல்லையா, தமிழ்நாட்டு எல்லையா? எதற்கும் இருக்கட்டும் என்று ரயிலில் ஆந்திரா வருகிறவரை வாயே திறக்கவில்லை. டிக்கெட் கேட்டவரிடமும் பேசவில்லை. அவர் இவரை ஊமை என்று நினைத்து எதிர் ஆளை எழுப்பிவிட்டு ஜன்னலோரம் உட்கார வைத்தாராம். கக்கூஸ் போகும்போது மண்ணை எங்கே வைப்பது? பக்கத்தில் இருந்த சிப்பாய் மடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் சிப்பாய் பாதுகாத்துக் கொடுத்த சாமி தாராவியில் இன்னும் இருக்கிறது.

சுபா சிரித்த சிரிப்பில் எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்தது.

தை 16, வெள்ளி

அவர் பால்கனியில் ரொம்ப நேரம் நின்றார். குளிரும், உள்ளே வாருங்கள் என்றேன். "வாரேன்" என்றார்.

தை 17, சனி

கால் ரெண்டும் இரும்பாகக் கனக்கிறது. ஆனால் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

விடியுமுன்னே காரில் கிளம்பினோம். வழியெல்லாம் பொன்சிங் பாட்டுப் போட்டான், சுபா முறுக்கு எடுத்துக் கொடுத்தாள். போகப்போகக் கட்டிடம் குறைந்து மரம் குறைந்து, பிறகு மணலைத் தவிர ஒன்றும் இல்லை. அவர் மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, "இங்கன ஒரு பெட்ரோல் பங்கு இருந்துச்சு… இந்த எடத்துல ஒருக்க டயர் வெடிச்சுச்சு…" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஒரு திருப்பத்தில் சக்களத்தி தெரிந்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, அழகிதான். எங்கள் தேரி செங்கல் பொடி நிறம், அங்கங்கே பனையும் முந்திரியும் கிடக்கும். இவள் வறுத்த சிறுபருப்பு நிறம். மேலே ஒரு பூண்டு கிடையாது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்குகிற உயரம். வெயில் ஒரு பக்கம், நிழல் ஒரு பக்கம், நடுவில் கத்தி வைத்துக் கீறியமாதிரி ஒரு விளிம்பு. உடம்பெல்லாம் ஓலைப்பாய் பதிந்த தடம் மாதிரி வரிவரியாகக் காற்று வரைந்திருந்தது.

அடிவாரத்தில் நானும் அவரும் ஒரே நேரத்தில் செருப்பைக் கழற்றினோம். பொன்சிங், "ஏன் ரெண்டு பேரும் செருப்பக் கழத்துதிய?" என்றான். அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. தேரி என்றால் அய்யனார் தரை, செருப்புக் காலோடு மிதிக்க மாட்டோம். மணல்மேட்டைப் பார்த்ததும் கால் தானாகக் கழற்றிவிட்டது. திரும்பப் போடவும் மனசு வரவில்லை. மணல் ஜில்லென்று இருந்தது.

சுபா புதுக் காலணி வீணாகிவிடும் என்று கீழேயே நின்று படம் பிடித்தாள். பொன்சிங் தினமும் ஜிம்முக்குப் போகிறவன். ஓட்டமாக ஏறினான். கால்வாசி ஏறியதும் உட்கார்ந்துவிட்டான்.

"யம்மா, நீங்க போங்க. நான் சுபாவுக்குத் துணைக்கு இருக்கேன்."

"இப்பம்தான் பொண்டாட்டி ஞாபகம் வருதாக்கும்?" என்று அவன் அப்பா கேட்டார்.

அதற்கு மேலே நாங்கள் ரெண்டு பேர்தான். ஒரு அடி வைத்தால் அரை அடி கீழே இழுக்கிறது. என் மூட்டு என்னைத் திட்டியது. நின்றேன். அவர் திரும்பிக் கையை நீட்டினார்.

"கையக் குடு."

"ஆரும் பாப்பாவ."

"இங்க ஆரு இருக்கா? ஒட்டகம் பாத்தா பாக்கட்டும்."

கொடுத்தேன். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை. கல்யாணத்தன்றைக்கு அக்கினியைச் சுற்றி வரும்போது பிடித்தது. அப்புறம் இப்படிப் பிடித்து நடந்ததாக எனக்கு நினைவில்லை.

உச்சி, கூரை முகடு மாதிரி ஒடுக்கம். ரெண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தோம். சுற்றிலும் மணல் மணலாக, கடல் அலை அப்படியே உறைந்து போனால் எப்படி இருக்குமோ அப்படி. மூச்சு வாங்குகிற சத்தம் தவிர வேறு சத்தம் கிடையாது.

அவர் விரலை நீட்டினார். "அந்தா அங்கனதான் கேம்பு இருந்துச்சு. இப்பம் ஒண்ணுமில்ல பாத்தியா." பிறகு அடிவாரத்தில் ஒரு இடத்தைக் காட்டினார். "அது நான் வண்டி நிப்பாட்டுத எடம். பொன்சிங் பொறந்த சேதி எனக்கு அங்கன வச்சுத்தான் கெடச்சுச்சு. கேம்புலருந்து ஒரு சூடான்காரன் வந்து சொன்னான். டவுனுக்குப் போயி ஒரு பாக்கெட் மிட்டாய் வாங்கிட்டு வந்தேன். வந்து பாத்தா கேம்புல எல்லாவனும் வேலைக்குப் போயிட்டான். குடுக்க ஆள் இல்ல."

"என்ன செஞ்சிய?"

"மலைக்கு ஒண்ணு வச்சேன். நான் ஒண்ணு தின்னேன். அதுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு பாக்கெட் தீருத வரைக்கும் தின்னுட்டு வண்டிய எடுத்தேன்."

நான் மணலைத் தடவினேன். இத்தனை வருஷம் இவளைச் சக்களத்தி என்று ஏசியிருக்கிறேன். என் பிள்ளை பிறந்ததற்கு என் வீட்டு ஆள் கையால் மிட்டாய் வாங்கித் தின்றவள் இவள் ஒருத்திதான்.

"ஏட்டி, காக்கா ஒரு வேலை சொல்லுதாவ" என்றார் மெதுவாக.

"தெரியும்."

"எப்பம் தெரியும்?"

"ரசம் உப்புக் கரிச்ச அன்னைக்கு."

அவர் என் பக்கம் பார்க்காமலேயே பேசினார். "ஒன்னய விட்டுட்டு இருக்கணும்னு இல்லட்டி. ஊர்ல நான் என்ன செய்ய? எந்த நாற்காலியில உக்காரணும்னுகூட எனக்குத் தெரியல. நீ எல்லாத்தையும் ஒன் போக்குல ஒழுங்கா வச்சிருக்க. நான் ஒரு பக்கம் உக்காந்தா நீ எந்திரிச்சு விரிப்பை மாத்துத. ஒனக்கு எடஞ்சலா இருக்கேனோன்னு ஆயிருது. இங்கன்னா, எனக்கு ஒரு எடம் இருந்துச்சு."

 அங்கே வரவில்லை. அந்தப் பூப்போட்ட விரிப்பு கண்ணுக்குள் வந்து நின்றது.  விளிம்பிலிருந்து மணல் புகை மாதிரி பறந்துகொண்டிருந்தது.

பிறகு யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். எழுந்து நின்றேன். அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் குனிந்து ஒரு பிடி அள்ளினேன். பிடிமண் என்றால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் எடுத்தால் அது வெறும் மண்.

"கற்குவேலு!" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே வேறு யாரோ மாதிரி கேட்டது. "கற்குவேலு… இங்க இருந்தது போதும். என்கூட வீட்டுக்கு வாரும்."

எதிரே இருந்த மேட்டில் பட்டு ஒரு துண்டுச் சத்தம் திரும்பி வந்தது.

அவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். "ஏட்டி… என்ன சொன்ன? இப்பம் என்ன சொன்ன?"

நான் எப்படிப் பதில் சொல்வது? அள்ளியாயிற்று, இனிப் பேசக் கூடாது. முந்தானையில் மண்ணை முடிந்துகொண்டு இறங்க ஆரம்பித்தேன்.

ஏறும்போதுகூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. பின்னால் வருகிறாரா? திரும்பிப் பார்க்கக் கூடாது. காலடிச் சத்தம் கேட்குமா என்று காதைத் தீட்டினேன். மணலில் எங்கே சத்தம் கேட்க? என் நிழல் மட்டும் முன்னால் நீளமாகப் போனது. அவர் நிழலையும் தேடினேன், காணவில்லை.

பாதி வழியில் கீழேயிருந்து பொன்சிங் கத்தினான். "யம்மா! அப்பா எங்க?"

நான் வாயை இறுக்கிக்கொண்டேன்.

"யம்மா! அப்பாவ எங்கம்மா?"

சுபா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "அத்தே, என்னாச்சு? ஏன் பேச மாட்டேங்கிய?" நான் முந்தானை முடிச்சை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நேரே போய்க் காரில் ஏறி, முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். பொன்சிங் மலையைப் பார்த்து ஓடினான். என் பிராணன் என்னிடம் இல்லை.

ஜன்னலில் ஒரு கை வந்தது. அதில் என் செருப்பு ரெண்டும் தொங்கியது.

"கால் செருப்பக்கூட போடாம அப்படி என்னட்டி அவசரம்?" என்றார் அவர். உடம்பெல்லாம் மணல், தலைமுடியெல்லாம் மணல். மறுசரிவில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி சறுக்கியே இறங்கிச் சுற்றி வந்திருக்கிறார். கதவைத் திறந்து, குனிந்து, செருப்பை என் கால்மாட்டில் வைத்தார். பிறகு சுற்றிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வரும் வழியில் முதல் பெட்ரோல் பங்கு வந்ததும் எல்லை தாண்டியாயிற்று என்று முடிவு பண்ணி, "எனக்கு ஒரு டீ வேணும்" என்றேன். சுபா "அப்பாடா" என்று அழுதேவிட்டாள். எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று அவளுக்குப் பயம்.

அவர் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தை 18, ஞாயிறு

பெரிய தப்புப் பண்ணியிருக்கிறேன். பிடிமண்ணை எடுத்த கையோடு ஊர் போய்ச் சேர வேண்டும். நாங்கள் ஊருக்குப் போக இன்னும் எத்தனை நாள் கிடக்கிறது! அதுவரை தரையில் வைக்கக் கூடாது. பதினாலாவது மாடியில் இருப்பது தரையா இல்லையா? மேசை தரையில் நிற்கிறது, அப்போது மேசையும் தரைதானே? யாரிடம் கேட்க? கடைசியில் சுபாவின் துப்பட்டாத் துணி ஒன்றில் கட்டி, கூடத்தில் திரைச்சீலை தொங்குகிற கம்பியில் தொங்கவிட்டேன். வருகிறவர்கள் தலையில் இடிக்கிறது.

சாயங்காலம் மொகுதூம் காக்கா வந்தார். நான் டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போய், டீ போடாமல் நின்றேன்.

"என்ன தம்பி, யோசிச்சியா?"

"யோசிச்சேன் காக்கா. வர முடியாது."

"ஏன், சம்பளம் பேசுவோமே."

"அதில்ல. என்னைய அள்ளி முடிஞ்சு வச்சிருக்கு. அந்தா தொங்குதேன் பாருங்க."

காக்கா அண்ணாந்து பார்த்தார். அவரும் தேரிக்குப் பக்கத்து ஊர்க்காரர்தானே. ஒரு நிமிஷம் கழித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பிடிமண்ணா! தங்கச்சி, நீ இவன் பேரச் சொல்லியா கூப்பிட்ட?"

"கற்குவேலுன்னு கூப்பிட்டா காக்கா" என்றார் இவர். "மலைக்கே கேட்டுச்சு."

"அப்பம் சரி. அதுக்குப் பொறவு இங்க நிக்க ஒனக்கு ஏது காலு?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. டீயில் சீனிக்குப் பதில் உப்பைப் போட இருந்தேன். நல்ல வேளை.

தை 25, ஞாயிறு

சுபாவுக்கு நெத்திலிக் குழம்பு வைக்கக் கற்றுக் கொடுத்தேன். புளி அதிகம். அவர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். தட்டைக் கழுவினார்.

மாசி 4, திங்கள்

ஊர் வந்து சேர்ந்தோம். விமானத்தில் முடிச்சு என் மடியிலேயே இருந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு பெண் அதிகாரி துணியைப் பிரித்துப் பார்த்து, இது என்ன என்றாள்.

"எங்க வீட்டுக்காரர்" என்றேன்.

அவள் மண்ணையும் பார்த்தாள், பக்கத்தில் டிராலியைத் தள்ளிக்கொண்டு நின்ற அவரையும் பார்த்தாள். "அப்போ அது யாரு?"

"அதும் அவியதான்."

போங்கள் என்று கையைக் காட்டிவிட்டாள்.

மாசி 5, செவ்வாய்

முற்றத்தில் முருங்கைமரத்துக்குக் கீழே மண்ணைப் போட்டேன். எங்கள் செம்மண்ணில் அது பால் சிந்தின மாதிரி கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது. போடும்போதும் ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர் பக்கத்திலேயே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ம், கூப்பிடு. கேப்போம்."

"அதான் வந்தாச்சே. சும்மா நில்லுங்க."

"ஒரு தடவைதானட்டி."

மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டேன். அவருடைய நார்க்கட்டிலை அந்த இடத்தில் இழுத்துப் போட்டேன். பூப்போட்ட விரிப்பை மடித்துப் பரணில் போட்டாயிற்று. கரை வைத்த தட்டையும் அதன் மேலேயே வைத்துவிட்டேன். எனக்கு வாங்கின தட்டில் ஒன்று விளிம்பு நெளிந்து கிடந்தது, இனி அதுதான் அவருக்கு. அவர் கேட்டதற்கு, கரை வைத்தது ஓட்டையாகிவிட்டது என்று பொய் சொன்னேன்.

மாசி 7, வியாழன்

முருங்கைக்காய் வியாபாரி வந்தான். அவரே பேரம் பேசினார். ஏமாந்துவிட்டார். நல்ல ஏசு ஏசினேன்.

மாசி 9, சனி

மத்தியானம் கருவாடு பொரித்து, கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்திருந்தேன். நான் கோழிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே வந்தால் ஆளைக் காணோம். தட்டு இருந்த இடத்திலேயே கிடக்கிறது. குழம்பு காய்ந்து ஒட்டிக் கிடக்கிறது. கருவாட்டு முள்ளைத் தரையில் வேறு எடுத்து வைத்திருக்கிறார்.

நான் கத்தின கத்தில் லிங்கக்கனி வீட்டு நாய் குரைத்தது. "தின்ன தட்ட எடுத்துப் போட இங்க ஆள் வச்சிருக்கோ? கை என்ன தேஞ்சா போயிரும்?"

முருங்கைமரத்தடிக் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. "எடுத்துப் போடுட்டி. தூக்கம் வருது."

லிங்கக்கனி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "என்னக்கா, அத்தானோட சண்டையா?"

"ஆமாட்டி" என்றேன். "பெரிய சண்டை."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

தட்டை உடனே எடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். எறும்பு வரிசை கட்டி வந்தபிறகுதான் எடுத்தேன்.